மோவாய்ப் பச்சையை எடுக்கப் போய்

ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு போட்டோக்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒன்றின் கீழே ‘முன்’, இன்னொன்றின் கீழே ‘பின்’ என்று மையால் எழுதியிருந்தது. ‘முன்’ படத்தில் ஓர் ஆணின் கை; முழங்கைக்குக் கீழே நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. ‘பின்’ படத்தில் நங்கூரம் இல்லை, கை சுத்தமாக இருந்தது. ஆனால் முன்னது இடக்கை, பின்னது வலக்கை.

“டாக்டர், இது வேற கையாச்சுங்களே?” என்றேன்.

டாக்டர் ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அதுவரைக்கும் அவர் அதைக் கவனித்ததே இல்லை போலிருந்தது. “போட்டோ கழுவினவன் பிலிமைத் திருப்பிப் போட்டுட்டான்மா. ஆள் ஒருத்தர்தான்” என்றார்.

என்னை அங்கே அழைத்துவந்த பாய், மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. இந்தப் பாய்க்கும் டாக்டருக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவாரோ?

பச்சையை எடுத்துவிடலாம், மருவை எடுத்துவிடலாம், முகத்தையே மாற்றிவிடலாம் என்று இப்போது ஊருக்கு ஊர் பேச்சாக இருக்கிறது. போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை உட்கார்ந்து எழுந்த ஒருத்தி சொல்லித்தானே ஆகவேண்டும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஜவ்வாது மலைக்காரர்கள். சாமை விதைப்போம், புளி உலுக்குவோம், காட்டில் கடுக்காய் பொறுக்குவோம். என் அப்பா, அதாவது நைனா, அதை மூட்டை கட்டி வாணியம்பாடி பாயின் மண்டிக்கு அனுப்புவார். அங்கிருந்து தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போகும். ஒருவன் ஏமாற்றிவிட்டால் ‘கடுக்காய் கொடுத்துவிட்டான்’ என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. கடுக்காயே விற்கிற எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டோம்.

நான் சின்னக் குழந்தையாக இருக்கும்போது பச்சை குத்துகிறவள் ஒருத்தி மலையேறி வந்து என் நெற்றியில் ஒரு கோடும் மோவாயில் ஒரு பொட்டும் குத்திவிட்டுப் போனாள். மலையில் இருந்தவரை அது எனக்கு அழகாகத்தான் இருந்தது. கீழே ஆஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போதுதான் தொல்லை. “ஏய் ருக்கு, உன் மோவாய்ல ஈ உக்காந்துகீது!” என்று ஒருத்தி கையை வீசுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். பாஸ் செய்து ஆசிரியர் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. இனி வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கரும்பலகையைப் பார்ப்பார்களா, ஈயைப் பார்ப்பார்களா? யாரும் எதுவும் கேட்காத ஒரு முகத்தோடு அந்தப் பள்ளிக்குள் நுழையவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “செத்தா கூட வர்றது பச்ச ஒண்ணுதான். அதையும் பிடுங்கிப் போட்டுட்டு இன்னாத்த எடுத்துக்கினு போவே?” என்றாள். மண்டிக்குப் போன நைனா பாயிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பாய்தான் வாணியம்பாடியில் இருக்கும் இந்த டாக்டரைச் சொல்லி, என்னையும் நைனாவையும் கூட்டிப்போனார். ரங்கூனில் சிப்பாய்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் பச்சை எடுத்தவராம்.

ஆஸ்பத்திரி என்று சொல்ல முடியாது. வீட்டின் முன்னறைதான். ஒரு பச்சைத் திரை, சவரக்கடை நாற்காலி போல ஒன்று, ஸ்டவ்வின் மேல் ஊசிகள் கொதிக்கிற தட்டு. ஊசிகள் கொதித்தன என்பதை நானே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

“இன்னா மருந்துங்க வைப்பீங்க?” என்று கேட்டேன்.

“டானிக் ஆசிட். அதை வச்சு ஊசியால குத்துவேன். அப்புறம் மேலே வெள்ளி உப்புக் குச்சியால தேய்ப்பேன். ரெண்டும் சேர்ந்து கறுப்பாப் பொருக்குக் கட்டும். பொருக்கு தானா உதிரும்போது பச்சையையும் இழுத்துக்கிட்டு வந்துடும்.” பிறகு நைனா பக்கம் திரும்பிச் சிரித்தார். “டானிக் ஆசிட்னா பயப்படாதீங்க. நீங்க விக்கிற கடுக்காயில இருக்கிற துவர்ப்புச் சத்துதான்.”

பாய் பெரிதாகச் சிரித்தார். “அட, தெரிஞ்சிருந்தா நம்ம மண்டியிலயே இந்த வேலய முடிச்சிருக்கலாமே டாக்டர்!”

நைனா சிரிக்கவில்லை. பாட்டிலில் இருந்த பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

“எடுத்தப்புறம் சுத்தமா ஆயிடுங்களா?” என்றேன்.

“ஏறக்குறைய.”

அந்த ‘ஏறக்குறைய’ எனக்குப் பிடிக்கவே இல்லை. நெற்றியையும் சேர்த்து அன்றே முடித்துவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. முதலில் மோவாய். அது ஒழுங்காக வந்தால்தான் நெற்றி. “வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பொண்ணு” என்றார் பாயிடம், முகம் சுளித்துக்கொண்டு.

வலியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊசிகளைக் கட்டாகக் கட்டிக் குத்தும்போது எறும்புப் புற்றில் மோவாயை வைத்தது போல இருந்தது. வெள்ளி உப்பு பட்டபோதுதான் கண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் விரலில் பட்டால் கறுத்துப்போகுமே, அதே உப்புதான். கட்டுப் போட்டு அனுப்பும்போது திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். “ஈரம் படக்கூடாது, கை படக்கூடாது, வேற எதையும் வைக்கக்கூடாது.” தலையாட்டிவிட்டு மலை ஏறினோம்.

சில நாள் ஒன்றுமில்லை. பிறகு மோவாய் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. கீழ் உதடு தடித்தது. கன்னம் வீங்கிக் குளிர் காய்ச்சல் வந்தது. ‘கை மாறிய போட்டோ! எனக்கு அப்போதே தெரியும்!’ என்று காய்ச்சலிலும் திட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து இந்தப் பக்கம் இறங்கினால் வாணியம்பாடி, அந்தப் பக்கம் இறங்கினால் அமிர்தி. அந்த டாக்டர் முகத்தில் இனி விழிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். டோலி கட்டி என்னை அமிர்திக்கு இறக்கி, பஸ்ஸில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் நைனா தோள் துண்டை நனைத்து என் நெற்றியில் போடுவார், காய்ந்ததும் ஓடிப்போய் நனைத்து வருவார். எதிர் பெஞ்சிலிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தள்ளி உட்காரவைத்தார்கள். அம்மை என்று நினைத்துவிட்டார்கள்.

லேடி டாக்டர் விரலால் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். செல்லுலைட்டிஸ் என்றார். தோலுக்கு அடியில் கிருமி புகுந்து, எண்ணெய் துணியில் பரவுவது போலப் பரவுவதுதான் அது. முகத்தில் வந்தால் அலட்சியமாக விடக்கூடாதாம். முகத்து ரத்தம் தலைக்குள்ளே போகிற வழியும் உண்டு என்றார். கையில் ரத்தம் எடுத்தார்கள். பஞ்சுக்குச்சியால் சீழை ஒற்றி எடுத்துப் போனார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதற்காம். பென்சிலின் போடுவதற்கு முன் முன்னங்கையில் ஒரு துளி மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள், உடம்பு ஏற்கிறதா என்று பார்க்க. கடைசியாக, சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் என் கன்னத்தின் மேல் மையால் ஒரு கோடு இழுத்தார்கள்.

“இதைத் தாண்டாம இருந்தா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்” என்றார் லேடி டாக்டர்.

பச்சையை எடுக்கப் போனவளுக்கு முகத்தில் இன்னொரு கோடு!

வார்டில் கண்ணாடி இல்லை. கேட்டாலும் தரமாட்டார்கள். நர்சம்மாவிடம் “கோட்டைத் தாண்டிடுச்சாங்க?” என்றால், “அப்படியேதான் இருக்கு, நீ தூங்கும்மா” என்பாள். பார்க்காமலே சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் கண்ணமங்கலத்து முனியம்மா அக்கா இருந்தாள். ரோட்டோரத்தில் வேர்க்கடலை வறுத்து விற்கிறவள், முதுகில் பிளவைக் கட்டி வந்து படுத்திருந்தாள். முதல் நாள் அவளையும் கேட்டேன்.

கவிழ்ந்து படுத்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். “தாண்டிட்ச்சி. ஒரு வெரக்கட தாண்டிட்ச்சி.”

“நர்சம்மா இல்லன்னாங்களே?”

“அவங்க உன்னத் தூங்க வக்கறதுக்குச் சொன்னாங்க. நீ என்ன தூங்கறதுக்கா கேட்ட?”

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் கோட்டைப் பற்றிக் கேட்பது அவளிடம்தான்.

பென்சிலின் வேலை செய்தது. சிவப்பு கோட்டுக்குள்ளே இறங்கியது. வீக்கம் வற்றி வாய் திறந்து கஞ்சி குடித்தேன். நைனா இரவெல்லாம் வராந்தாவில் படுத்திருப்பார், பகலில் கட்டிலடியில் குந்தியிருப்பார். நான் ஒரு வாய் அதிகமாகக் குடித்தால் அதை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வருவார். “எம் பொண்ணு குடிச்சிட்ச்சி.” அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் முனியம்மா அக்கா, “ருக்கு, மறுபடியும் கோட்டாண்ட வந்துகீது” என்றாள். மறுநாள் தாண்டியது. காய்ச்சலும் ஏறியது. லேடி டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். மருந்தை மாற்றினார். இறங்கியது, மறுபடி ஏறியது.

மோவாய்க் கட்டுத் துணியிலிருந்து துவர்ப்பு வாடை வந்தது. “டாக்டர், அந்த ஆள் வச்ச ஆசிட் இன்னும் உள்ள ஊறுதுங்க. எனக்கு வாடை தெரியுது” என்றேன்.

“இத்தனை நாளாவா? இருக்க முடியாதே” என்றார். ஆனாலும் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் குழப்பம். “நாளைக்கும் இப்படியே இருந்தா அறுத்துத்தான் சீழை எடுக்கணும்மா.”

“தழும்பு விழுங்களா?”

“விழும்” என்றார். “கொஞ்சம் நீளமாவே விழும்.”

அவர் போனபிறகு நைனா எழுந்து நின்றார். “அந்த வாணியம்பாடிக்காரன் கைய ஒடிச்சிட்டுத்தான் வருவேன். பாய்க்கு இனிமே ஒரு கடுக்கா அனுப்ப மாட்டேன்” என்று கத்தினார். முனியம்மா அக்காதான், “மொதல்ல பொண்ணு தேறட்டும், அப்புறம் ஒடிப்பே, உக்காருய்யா” என்று உட்காரவைத்தாள்.

எனக்குச் சந்தேகம் இப்போது நர்சம்மா மேல் திரும்பியது. இறங்குவது ஏன் மறுபடி ஏறவேண்டும்? ஊசியில் மருந்துக்குப் பதில் தண்ணீர் போடுகிறாளோ? கட்டுத் துணியை ஒழுங்காக அவிக்கிறார்களோ இல்லையோ? மத்தியானத்தில்தான் ஏதோ நடக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் நான் தூங்குகிறேன். அன்று மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணை மூடிக் குறட்டை கூட விட்டேன்.

ட்யூட்டி மாறுகிற நேரம். நர்சம்மா வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ என் கட்டின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினார்கள். விரல் முரடாக இருந்தது. ஈரமாக, சில்லென்று ஏதோ பட்டது. அந்தத் துவர்ப்பு வாடை! கண்ணைத் திறந்தேன்.

நைனா. ஒரு கையில் அரச இலை, அதில் குழைத்த பழுப்பு விழுது.

“இன்னா நைனா இது?”

இலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “ஒண்ணும் இல்ல, படு.”

“இன்னாதுன்னு கேக்கறேன்!”

“நம்ம கடுக்காதான்” என்றார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி இல்லை. நல்லது செய்யும்போது குறுக்கே பேசினால் வருகிற கோபம்தான் குரலில் இருந்தது. “அந்த டாக்டரே சொன்னான் இல்ல, நம்ம கடுக்கால கீற சத்துதான்னு? அவன் பாட்டில்ல கீறது எத்தினி வருசத்துப் பழசோ. நம்மளுது இந்த வருசத்துக் காய், பூச்சி இல்லாம நானே பொறுக்கினது. வூட்ல வச்சப்போ பொருக்கு கொஞ்சம் எளகி வந்துச்சி…”

“வூட்லயும் வச்சியா?”

“நீ தூங்கறப்போ. பொருக்கு சீக்கிரமா உதுரட்டும்னு.”

எழுந்து உட்கார்ந்தேன். “இங்க எதுல இழைச்ச?”

அவர் வெளியே கை காட்டினார். வார்டின் வாசற்படிக் கருங்கல்! ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதித்து ஏறுகிற கல். குழாய்த் தண்ணீர் விட்டு அதில்தான் தினமும் இழைத்திருக்கிறார்.

முனியம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அட பாவி மனுசா! நான் கூட நீ சூரணம் எதுனா சாப்பிட இழைக்கறேன்னு நெனச்சேனே!”

“சொல்லிடாத ருக்கு” என்றார் நைனா. கோபமெல்லாம் இறங்கிவிட்டது. “சொன்னா என்ன உள்ள உட மாட்டாங்க.”

நான் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன். சாயங்காலம் லேடி டாக்டர் வந்தபோது நைனா தானாகவே முன்னால் போய் இலையை நீட்டினார். மடியிலிருந்து மிச்சமிருந்த காய்களையும் எடுத்துக் கொடுத்து, வாசற்படிக் கல்லில் இழைத்ததையும் சொன்னார். டாக்டர் முகர்ந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

“பூச்சி இல்லாத காய்ங்கம்மா” என்றார் நைனா.

“காயில பூச்சி இல்ல பெரியவரே. கல்லுல கிருமி இருக்கு.” அவர் சத்தம் போடவில்லை. “நீங்க எப்பவும் போல பொண்ணு பக்கத்துல உக்காரலாம். முகத்துல மட்டும் கை வைக்காதீங்க. அறுக்கறதைத் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம்.”

நைனா அதற்கப்புறம் கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கத்தி வேண்டியிருக்கவில்லை. சிவப்பு இறங்கியது, இறங்கியபடியே நின்றது. ஒரு காலையில் மைக்கோட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். கட்டையும் எடுத்துவிட்டார்கள். பாய் அன்று ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். நைனா அவரைப் பார்க்கக் கூசி வராந்தாவுக்கு நழுவினார். வார்டில் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பாய் விடவில்லை. “ஊரான் ஊரானுக்குக் கடுக்கா குடுப்பான். நீ பெத்த பொண்ணுக்கே குடுத்துட்டியேய்யா!” என்று கையைப் பிடித்து இழுத்துவந்தார். எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. நைனா முதல் தடவையாக அதற்குச் சிரித்தார்.

எனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும். “பாய், கோவிச்சுக்காதீங்க. அந்த டாக்டர் உங்களுக்கு கமிஷன் இன்னா குடுத்தாரு?”

பாய் வாசலைப் பார்த்துவிட்டு ஜிப்பாக் கையை மேலே தூக்கினார். இடக்கையில், முழங்கைக்குக் கீழே, வெளுத்த தழும்பு. உற்றுப் பார்த்தால் நங்கூரம். “சின்ன வயசுல ரங்கூன்ல கப்பல் வேல பாத்தப்போ கிறுக்குத்தனமா குத்திக்கினது. எங்க மார்க்கத்துல பச்ச குத்தக்கூடாது, எங்க ஆளுங்க பாத்தா சும்மா உடுவாங்களா? அவர்தான் எடுத்தாரு. அந்த ஆல்பத்துல கீறது என் கைதாம்மா. இத எப்படி அங்க உக்காந்து சொல்லுவேன்?”

“படத்துல தழும்பே தெரியலையே?”

“போட்டோ எடுக்க சொல்லோ பவுடர் போட்டாரு” என்றார் பாய், கொஞ்சம் வெட்கத்தோடு.

பார்த்தீர்களா! கை விஷயத்தில் நான் தப்பு. பவுடர் விஷயத்தில்? நான் முழுக்கத் தப்பில்லை.

“இப்ப எனக்கு எப்படி இருக்கு, பாய்?”

“மாஷா அல்லா, ஒண்ணுமே தெரியல.”

நைனாவைப் பார்த்தேன். “ஒண்ணும் தெரியல கண்ணு.” நர்சம்மா, “துடைச்சு விட்ட மாதிரி இருக்கு” என்றாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

அவர்கள் போகும்வரை காத்திருந்து, “யக்கா” என்றேன்.

முனியம்மா அக்கா இப்போது எழுந்து உட்காரப் பழகியிருந்தாள். என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவசரப்படாமல் பார்த்தாள். “தெரியுது. காலணா அளவுக்குச் செவப்பா கீது. நடுவுல கொஞ்சம் குழி. பச்ச முழுசாப் போச்சி.” பிறகு கையை எடுத்துவிட்டுப் படுத்தாள். “செவப்பு வெளுக்கும். குழி வெளுக்காது.”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் நிஜமாகவே தூங்கினேன்.

நெற்றியை இலவசமாகவே எடுத்துத் தருவதாக வாணியம்பாடி டாக்டர் பாயிடம் சொல்லியனுப்பினார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் மருந்து என்னைக் கெடுக்கவில்லை, அது உண்மை. ‘ஏறக்குறைய’ என்றால் எவ்வளவு என்பதை அவர் வாயால் சொல்லாதவரை அந்த நாற்காலியில் மறுபடி உட்காரமாட்டேன்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாயிற்று. யாரும் எதுவும் கேட்காத முகம் என்று நினைத்தேனே, வந்த அன்றைக்கே எல்லாரும் கேட்டார்கள்: “மோவாயில் என்ன, தீக்காயமா?” நெற்றிக் கோட்டைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. போன வாரம் ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் கிணற்றடியில் தனியாக வந்து நின்றாள். ரவிக்கைக் கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேல் ஓர் ஆணின் பெயர் பச்சையில் இருந்தது. அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசி முடிவாகியிருக்கிறது.

“அக்கா, உங்களுக்கு எடுத்தவரு எங்க இருக்காரு? வலிக்குமா?”

அவளை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து என் மோவாயைக் காட்டினேன். “மொதல்ல இதப் பாரு. எதுனா தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலக்கா” என்றாள் உடனே.

“பொய் சொல்லாத. நல்லாப் பாரு.”

அவள் கிட்டே வந்தாள். மூச்சுக்காற்று என் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியுதுக்கா” என்றாள் மெதுவாக. “குழி விழுந்திருக்கு.”

“சரி, உக்காரு” என்றேன். “இப்ப சொல்றேன்.”